காட்டு ரெய்ஷியா, கொட்டகையில் வளர்த்த ரெய்ஷியா: சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஓர் ஒப்பீடு

அக்காவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மாதத்தில், நலம் விசாரிக்க வந்தவர்களில் மூவர் ரெய்ஷி என்ற, மரத்தில் வளரும் கானோடெர்மா இன மருத்துவக் காளானைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் ஏற்காட்டுக் காடுகளில் அது தானாகவே முளைக்கிறது என்றார். மற்றொருவர் மாத்திரைக் குப்பி ஒன்றையே கையில் கொடுத்தார். மருத்துவரிடம் கேட்டபோது, மருந்து ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் இது கூடாது என்றும், ஈரல் பரிசோதனை முடிவுகள் சரியாக இருக்கும் நிலையில் சிறிதளவு கஷாயமாகக் குடிப்பதற்குத் தடையில்லை என்றும், ஆனால் இதை மருந்தாக நம்பக்கூடாது என்றும் சொன்னார். 2012இல் வெளியாகி 2016இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பும் மருந்தாக நம்புவதைப் பற்றி ஏறக்குறைய அதையே சொல்கிறது: புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சையாக ரெய்ஷியைக் கொள்வதற்குப் போதிய சான்று இல்லை, வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக வேண்டுமானால் கருதலாம். இந்த எல்லைக்குள் நின்றுகொண்டு, காளானை எங்கிருந்து பெறுவது என்பதை மட்டுமே இங்கே ஒப்பிடுகிறேன். இரண்டு மழைக்காலங்கள் மலையில் தேடிப் பறித்தேன். அதன்பின் சேலம் கன்னங்குறிச்சியில் வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் இரண்டு முறை வளர்த்தேன். என் மனம் வளர்ப்பின் பக்கமே இருக்கிறது.

கடைப் பொடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குப்பிக்குள் இருப்பது முழுதாக விளைந்த காளானின் பொடியா, தானியத்தின்மேல் பூசண இழையை மட்டும் படரவிட்டுத் தானியத்தோடு சேர்த்து அரைத்த பொடியா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. வெந்நீரில் கரைத்து ஆறவைத்து ஒரு சொட்டு அயோடின் விட்டால், தானிய மாவு மிகுந்த பொடி கருநீலமாக மாறும். எங்களுக்குக் கிடைத்த குப்பி அப்படித்தான் மாறியது. அதோடு அந்த வழியை விட்டுவிட்டோம்.

காட்டு வழிக்கு வருகிறேன். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். அங்கே மலையாளிப் பழங்குடி மக்களுக்கு உள்ள உரிமை சேலத்திலிருந்து போகிற நமக்கு இல்லை. ஆகவே தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில், அவருடைய ஒப்புதலோடு மட்டுமே தேடினேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், மழை ஓய்ந்து மூடுபனி இறங்கும் காலையில் பலா மரத்தடியிலும் சில்வர் ஓக் அடிக்கட்டைகளிலும் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பது மறக்க முடியாத இன்பம் என்பதை மறுக்கமாட்டேன். விழுந்த கிளைகளில் சாம்பல் நிற விசிறிபோலச் சிறு காளான்கள் வரிசையாக நிற்கும். ஈரக்கட்டையில் காதுமடல் போன்றவை தொங்கும். பல நிறப் பட்டைகளோடு அடுக்கடுக்காக வளரும் வகையும் உண்டு. இந்தக் கடைசி வகையிலிருந்து எடுக்கப்படும் பி.எஸ்.கே. என்ற பொருள் ஜப்பானில் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக நெடுங்காலம் பயன்பட்டது. ரெய்ஷி இவற்றைவிட அரிது. மெருகெண்ணெய் பூசியதுபோல் மின்னும் செம்பழுப்பு மேற்பரப்பும், வெண்மையான நுண்துளைகள் கொண்ட அடிப்பரப்பும், வளரும் ஓரத்தில் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் விளிம்பும் அதன் அடையாளங்கள்.

காட்டுக் காளான் என்றதும் எல்லோரும் முதலில் நஞ்சைப் பற்றிக் கேட்பார்கள். மண்ணில் குடைபோல முளைப்பவற்றில் அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது; அமனிட்டா இனத்தின் கொடிய வகைகளைத் தின்றவருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் எந்தக் குறியும் தெரியாமலிருந்து, பிறகு ஈரல் கெட்டுவிடும், வேகவைப்பதாலும் அந்த நஞ்சு போகாது. மரத்தில் பலகைபோல் கட்டையாக வளரும் முதிர்ந்த ரெய்ஷியை, முறையாகக் கற்றவர் உடனிருந்தால், அடையாளம் காண்பது அவ்வளவு கடினமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் குடை விரியாத இளங்கொம்புப் பருவத்தில் அதைத் தொடவே கூடாது. பொடோஸ்ட்ரோமா கார்னு-டாமே என்ற செந்நிற விரல் போன்ற நச்சுக்காளானை இளம் ரெய்ஷி என்று எண்ணிக் கஷாயம் வைத்துக் குடித்து ஜப்பானிலும் கொரியாவிலும் மக்கள் இறந்திருக்கிறார்கள்.

என் முடிவை மாற்றியது நஞ்சு பற்றிய அச்சம் அல்ல, காளான் எதைத் தின்று வளர்ந்தது என்ற கேள்வி. இரண்டாம் ஆண்டு, புரட்டாசி மழைக்குப் பிறகு, மிளகுக்கொடி ஏறிய ஒரு முள்முருங்கை மரத்தடியில் உள்ளங்கை அகலத்தில் அருமையான காளான் ஒன்றைக் கண்டு கத்தியை எடுத்தேன். தோட்டத்து மேஸ்திரி என் கையைப் பிடித்துக்கொண்டார்: “எடுக்காதீங்க சார், போன மாசந்தான் இந்தக் கொடிக்கு மருந்து அடிச்சோம்.” மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத்தான் அவர் சொன்னார். காப்பியில் இலைத்துரு நோய்க்கு மழைக்கு முன்னும் பின்னும் அதை அடிப்பது வழக்கம். மிளகில் வாடல் நோய்க்கு அதைவிடச் செறிவாக அடிக்கிறார்கள். காளான் முளைக்கும் பருவமும் மருந்தடிக்கும் பருவமும் ஒன்றாகவே இருப்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. காளான்கள் தாம் வளரும் மண்ணிலும் மரத்திலும் உள்ள தாமிரம், காட்மியம், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் திரட்டிக்கொள்ளும் இயல்புடையவை. முதலாண்டு நான் பறித்து அக்காவுக்குக் கொடுத்த காளான்கள் எந்த மரங்களிலிருந்து வந்தன, அந்த மரங்களின்மேல் என்னென்ன விழுந்திருந்தன என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நோயிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஓர் உடலுக்குள் அதை நான் அனுப்பியிருந்தேன் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

சமவெளியில் நிலைமை இன்னும் மோசம். வாழப்பாடிப் பக்கம் தென்னை, பாக்குத் தோப்புகளில் மரத்தின் அடியில் இதே கானோடெர்மா இனக் காளான் முளைப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். 1952இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு ‘தஞ்சாவூர் வாடல்’ என்று பெயர்பெற்ற அடித்தண்டழுகல் நோயின் அறிகுறி அது. அந்த நோய் கண்ட தென்னைக்கு விவசாயிகள் பூசணக்கொல்லி மருந்தை வேர் வழியாகவே செலுத்துகிறார்கள். தண்டைச் சுற்றிப் போர்டோ கலவையை ஊற்றுகிறார்கள். மருந்து செலுத்திய மரத்திலும் காளான் முளைக்கக்கூடும். தோப்புக்காரரிடம் கேட்காமல் அதை மூலிகை என்று வெட்டி எடுத்துப்போவதைவிடத் தவறான வழி வேறில்லை.

கொட்டகையில், காளான் எதைத் தின்று வளர்ந்தது என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்கிறது என்பதே அதன் பெரும்பலம். மாம்பழப் பெட்டிக்கு மாமரம் மட்டும் அறுக்கும் மரவாடி ஒன்றில் தூள் வாங்கினேன். ஒட்டுப்பலகையோ மருந்தேற்றிய மரமோ அறுக்கும் இடத்துத் தூளை வாங்கக்கூடாது. தூளோடு ஐந்தில் ஒரு பங்கு தவிடும் சிறிது சுண்ணாம்புத்தூளும் கலந்து, பிழிந்தால் நீர் சொட்டாத ஈரத்தில் பாலிபுரொப்பிலீன் பைகளில் அடைத்து, பெரிய அழுத்தச் சமையற்கலனில் 121 டிகிரி வெப்பத்தில் இரண்டு மணி நேரம் அவித்து, ஆறியபின் காளான் வித்து (தானியத்தில் வளர்த்த பூசண இழை) இட்டேன். வைக்கோலை வெந்நீரில் நனைத்துச் சிப்பிக்காளான் வளர்த்த பழக்கம் எனக்கு இருந்தது. அந்த எளிமை இதில் இல்லை. முதல் முறை போட்ட பன்னிரண்டு பைகளில் ஐந்து பச்சைப் பூசணம் பிடித்துக் கெட்டன. அவிப்பதில் அவசரப்பட்டதே காரணம். இரண்டாம் முறை பதினாறில் இரண்டு மட்டுமே கெட்டன.

பொறுமையும் வேண்டும். சிப்பிக்காளானில் ஒரு மாதத்துக்குள் அறுவடை தொடங்கிவிடும். ரெய்ஷிக்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. காற்றோட்டம் குறைந்தால் குடை விரியாமல் மான்கொம்புபோல் நீண்டுவிடுகிறது. சன்னலைத் திறந்துவைத்து நாளுக்கு மூன்று முறை நீர் தெளித்தபின்தான் குடைகள் விரிந்தன. வெள்ளை விளிம்பு முழுவதும் பழுப்பானதும் அறுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் பழுப்புநிறத் தூசிபோல் காளான் உதிர்க்கும் நுண்வித்துகள் அறை முழுவதும் படிகின்றன. முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. சேலத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் இது சரிப்படாது என்று நினைக்கிறேன். நான் ஆடியில் தொடங்கி மார்கழிக்குள் முடித்தேன், கோடையில் முயன்று பார்க்கவில்லை. ஏற்காட்டுக் குளிரில் எவ்வளவு காலமாகும் என்பதும் என் அனுபவத்தில் இல்லை.

மருத்துவப் பயனில் காட்டுக் காளானுக்கே வீரியம் அதிகம் என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இரண்டையும் சோதனைச்சாலையில் அளந்து பார்க்கும் வசதி எனக்கு இல்லை. கசப்பில் காட்டுக் காளான் சற்றுக் கூடுதல் என்பது மட்டுமே நான் நாவால் அறிந்தது. ஆனால் மலையில் கண்டவற்றில் பாதிக்குமேல் பூச்சி துளைத்தவையாகவோ முதிர்ந்து பூசணம் படர்ந்தவையாகவோ இருந்தன. மழைநாளில் பறித்ததை அங்கேயே காயவைக்கவும் வழியில்லை. சேலம் வந்து சேர்வதற்குள் ஒரு முறை பை முழுவதும் நாற்றமெடுத்துவிட்டது. கொட்டகையில் அறுத்ததை அன்றே மெல்லிய சீவல்களாக்கி உலர்த்திவிட முடிகிறது.

எவ்வழியில் பெற்றாலும், சீவலை ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுவதே முறை. காளானின் செல்சுவரில் கைட்டின் என்ற எளிதில் செரிக்காத பொருள் இருப்பதால், பொடியை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதி செரிக்காமல் போகும். பொடியைத் தொடர்ந்து உட்கொண்டவர்களுக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

புற்றுக்காளானுக்கு மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது. கறையான்கள் தம் புற்றுக்குள் வளர்க்கும் பூசணத்திலிருந்து எழும்பும் அதைக் கொட்டகையில் விளைவிக்க இதுவரை யாராலும் இயலவில்லை. காடு ஒன்றே அதற்கு வழி. மழை பெய்து வெயிலடித்த மறுநாள், மலைப்பாதையோரத்தில் தேக்கிலையில் குவித்து விற்கும் மலையாளிப் பெண்களிடம் அதை வாங்கிக்கொள்கிறேன். எந்தப் புற்றில், எந்தச் சரிவில் எடுத்தது என்று கேட்டால் கை நீட்டிக் காட்டிவிடுகிறார்கள்.