கையால் தீட்டியது என்று நம்பி வாங்கிய ‘அறியப்படாத பெண்’

மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு, மனம் நெகிழ்ந்த அதே நேரத்தில் அருகிலுள்ள கடைகளில் ஓவிய நகல் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அப்படி வாங்கி ஏமாந்தேன்.

இவான் கிராம்ஸ்கோய் 1883-இல் தீட்டிய ‘அறியப்படாத பெண்’ ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றிருந்தேன். பீட்டர்ஸ்பர்க்கின் நெவ்ஸ்கி சாலையில், திறந்த குதிரை வண்டியில், வெண்ணிற இறகு சூடிய தொப்பியுடன் அமர்ந்திருக்கும் அந்த இளம்பெண், இமைகளைச் சற்றே தாழ்த்தி, எவருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் தனக்கில்லை என்பதுபோல நம்மைப் பார்க்கிறாள். அவள் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. கலைக்கூடத்தை நிறுவிய த்ரெத்யாகோவ் இதை வாங்கவில்லை. 1925-இல்தான் இது அங்கு வந்து சேர்ந்தது.

இரண்டு தெரு தள்ளி இருந்த கடையில், நுண்கலை மாணவர் ஒருவர் மூன்று வாரம் உழைத்துத் தீட்டிய எண்ணெய் வண்ண நகல் என்று சொல்லி, 22,000 ரூபிளில் தொடங்கி 16,000-க்கு இறங்கி வந்தார் கடைக்காரர். தொட்டுப் பார்க்கவும் அனுமதித்தார். விரலில் தட்டுப்பட்ட தூரிகை மேடுகளை நம்பித்தான் பணத்தைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, சுருளைப் பிரித்து ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தபோதுதான் உறுத்தியது. இறகு வளைந்து இறங்குகிறது. அதன் மேலிருந்த தூரிகைத் தடங்களோ குறுக்காக ஓடின. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இமையின் ஓரம் முழுவதும் நீலமும் இளஞ்சிவப்புமாக நுண்ணிய அச்சுப் புள்ளிகள். கேன்வாஸில் அச்சிட்ட படத்தின் மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்துவிட்டு, அதைத்தான் ஓவியம் என்று விற்றிருக்கிறார். மூல ஓவியம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரமும் 99 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. என்னிடம் இருந்ததோ பக்கங்கள் வெட்டப்பட்டு, ஏறக்குறைய சதுரமாக இருந்தது. கடையிலேயே இதைக் கவனித்தேன். சட்டகத்துக்கு ஏற்ற அளவு என்று அவர் சொன்னதை அப்போது ஏற்றுக்கொண்டது என் மடமை.

ரசீதை ரஷ்ய மொழி தெரிந்த நண்பர் படித்துக் காட்டினார். ‘கேன்வாஸில் நகல்’ என்று மட்டுமே இருந்தது. எண்ணெய் வண்ணம் என்றோ கையால் தீட்டியது என்றோ ஒரு சொல்கூட இல்லை. ஆகவே வாங்குபவர்கள் அந்த இரண்டையும் ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். கைபேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்து, தூரிகைத் தடம் உருவத்தின் போக்கைப் பின்பற்றுகிறதா என்றும் பாருங்கள்.

புகைப்படங்களுடன் முறையிட்டேன். கையால் மெருகேற்றியது என்றுதான் தாம் சொன்னதாகவும், திருப்பி அனுப்பும் செலவை நானே ஏற்றால் பரிசீலிப்பதாகவும் பதில் வந்தது. செலவை ஏற்கிறேன், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.