ஃபுளூட்டியா, ஜோன்சனா: வெள்ளவத்தையில் விடியும்வரை திறந்திருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை

வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டித் தெகிவளைப் பக்கமாகக் காலி வீதியில் நடந்து, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றுக்குள் திரும்பினால், மெரைன் டிரைவுக்குச் சற்று முன்னால், வீட்டின் முன்விறாந்தையை மறித்துக் கட்டிய சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு பேருக்குமேல் இருக்க இடமில்லாததால் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். அவருடைய விருப்பத்துக்கு மதிப்பளித்து, அடையாளத்தை இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். பகலில் அது மரக்கறிச் சோறும் மீன் குழம்பும் விற்கும் சாதாரணக் கடைதான். ஆனால் ஜனவரி மாதத்தில், அமெரிக்கன் ஃபுட்போல் பிளேஓஃப் ஆட்டங்கள் (தோற்ற அணி வெளியேறும் பருவ இறுதிச் சுற்றுகள்) நடைபெறும் சனி, ஞாயிறு இரவுகளில், அது விடியும்வரை திறந்திருக்கிறது. இந்த முறை மூன்று இரவுகள் அங்கே இருந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அங்கே கூடுகிறவர்களில் பெரும்பாலானோர் கலியாணத்துக்கும் தைப்பொங்கலுக்குமாக ரொறன்ரோவிலிருந்து வந்து, உறவினர் வீடுகளிலோ வாடகைத் தொடர்மாடிகளிலோ தங்கியிருப்பவர்கள். மிகுதிப் பேர் என்னைப் போல அங்கே சில காலம் வாழ்ந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பியவர்கள். அமெரிக்கன் ஃபுட்போலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.இல் ரொறன்ரோவுக்கென்று அணி கிடையாது. ஏரியைச் சுற்றிச் சுமார் 160 கிலோமீற்றர் ஓடினால் வரும் பஃபலோ நகரின் பில்ஸ் அணியே ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதித் தமிழர் பலருக்குச் சொந்த அணி. 2008 முதல் 2013 வரை அந்த அணி தன் ஆட்டங்களில் சிலவற்றை ரொறன்ரோவின் ரோஜர்ஸ் சென்டருக்கே வந்து ஆடியது. அதற்கு முன்னரே எங்களை அந்த அணியோடு கட்டிப்போட்டவர், ரொறன்ரோவில் ஆடிவிட்டுப் பில்ஸுக்குப் போன டக் ஃபுளூட்டி. 1996இலும் 1997இலும் ரொறன்ரோ ஆர்கோநோட்ஸ் அணிக்குக் கனடியக் கிண்ணமான கிரே கப்பை வென்று கொடுத்தவர் அவர். ஹமில்டனில் கொட்டும் பனிக்குள் எட்மன்டனை 43-37 என்று வென்ற 1996ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தை, வந்திறங்கி அதிக காலம் ஆகாத நாங்கள் எட்டுப் பேர், ஒரே அறையில், ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருந்து பார்த்தோம். ஐந்தடி பத்தங்குல உயரமுள்ள அந்த மனிதரைத் தங்களைவிட ஒரு தலை உயரமானவர்கள் துரத்த, அவர் பனியில் வழுக்காமல் சுழன்று தப்பியதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகையால் பில்ஸ் அணிக்கு ஃபுளூட்டியா, ரொப் ஜோன்சனா என்று அந்தக் கடையில் நடந்த விவாதத்தில் நான் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

முதலில் சாப்பாடு. கோழிக் கொத்து 1,100 ரூபாய், இருவர் பங்கிட்டுக்கொள்ளலாம். அதன் சுவைக்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் தட்டில் கொத்துவதில்லை. ஒவ்வொரு நகர்வும் சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த நகர்வைத் தொடக்க அணிக்கு 40 நொடிகள் கொடுக்கப்படும். நடுவரின் விசில் ஊதியதும் அவர் இரண்டு தகடுகளையும் எடுத்துச் சடசடவென்று கொத்துவார். வீரர்கள் வரிசையில் குனிந்ததும் தகடுகளைத் தூக்கிப் பிடித்தபடி திரையைப் பார்த்து நிற்பார். இப்படி விட்டுவிட்டுக் கொத்துவதால் ஒரு தட்டுக் கொத்து வர இருபது நிமிடமாகிறது. அந்த இடைவெளிகளில் குழம்பு ரொட்டிக்குள் நன்றாக ஊறிவிடுகிறது, வெங்காயமும் கருகுவதில்லை. பசியோடு வருகிறவர்கள் முதலில் இரண்டு மீன் ரோல்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது. விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் இடியப்பமும் சொதியும் சம்பலும் வரும். சொதி தண்ணியாகவே இருக்கும், ஆனால் தேசிக்காய்ப் புளி சரியாக இருக்கும். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயோடு பனங்கட்டித் துண்டு ஒன்றைத் தருகிறார்கள். அந்தப் பனங்கட்டியைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளையடித்த பக்கச் சுவரே திரை. படம் தெளிவாக இருக்கிறது. ஒலிபெருக்கி சிறியதுதான், அயலவர்களின் நித்திரையைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகச் சத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இரண்டாம் இரவில், அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தின் இரண்டாவது காற்பகுதியில் இணைய இணைப்பு அறுந்து, ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் திரும்பி வரவேயில்லை. இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு எடுத்தால் இசைதான் கேட்டது. கடைக்காரர் மாற்று இணைப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேயாக வேண்டும். இரவு முழுவதும் விழித்திருக்க வரும் மனிதர்களுக்கு அது அவசியம்.

எனினும், நான் அந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போகக் காரணமானது அந்த ஐம்பது நிமிடங்கள்தான். படம் நின்ற இடத்தில் பேச்சுத் தொடங்கியது. பில்ஸ் ரசிகர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் இருந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: 2000 ஜனவரி 8, நாஷ்வில், டெனசி டைட்டன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு சொல். குவாட்டர்பாக் என்பவர் ஒவ்வொரு நகர்விலும் பந்தைக் கையில் வாங்கி, எறிவதா, மற்றவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிகளுக்குள் முடிவெடுப்பவர். களத்தில் அந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தகுதியுள்ள இருவர் இருந்தால் ஒருவர் வெளியே இருக்க வேண்டும். 1998இல் பில்ஸ் அணி இருவரைக் கொண்டுவந்தது. ஒருவர் ரொப் ஜோன்சன்: ஆறடி நான்கங்குல உயரம், இளையவர், புதிய வீரர்களைத் தெரிவுசெய்வதில் பில்ஸுக்கிருந்த முதல் சுற்று உரிமையையே கொடுத்து ஜாக்சன்வில் அணியிடமிருந்து வாங்கப்பட்டவர், ஐந்து ஆண்டுகளுக்கு 25 மில்லியன் டொலர் ஒப்பந்தம். மற்றவர் கனடாவிலிருந்து வந்த, முப்பத்தைந்து வயதைக் கடந்த ஃபுளூட்டி. ஜோன்சன் காயப்பட, ஃபுளூட்டி உள்ளே வந்து அணியைப் பிளேஓஃப் வரை கொண்டுபோனார். 1999 பருவத்தில் முதல் பதினைந்து ஆட்டங்களையும் அவரே தொடங்கினார். பத்து வெற்றி, ஐந்து தோல்வி. முடிவு எப்படியானாலும் பில்ஸின் இடம் மாறாத கடைசி ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு கொடுக்க, ஜோன்சன் வந்து 32 எறிகளில் 24ஐத் தன் அணியினரிடம் சேர்த்து, 287 யார் (கெஜம்) தூரம் எறிந்து, இண்டியானாபொலிஸ் அணியை 31-6 என்று வென்றார். அந்த ஒரே ஆட்டத்துக்குப் பின்னர், பிளேஓஃப் ஆட்டத்தை ஜோன்சனே தொடங்குவார் என்று பயிற்றுநர் வேட் பிலிப்ஸ் அறிவித்தார். அந்த முடிவுக்குப் பின்னால் உரிமையாளர் ரால்ஃப் வில்சனின் விருப்பம் இருந்தது என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

வாசல் மேசையில் இருந்த ஐயா ஒருவர், பச்சைச் சால்வையால் காதை மூடியபடி, இணைப்பு அறுந்த ஐந்தாவது நிமிடத்தில் தொடக்கிவைத்தார். “பதினைஞ்சு ஆட்டம் ஆடினவனை இருத்திப்போட்டு, ஒரு ஆட்டம் ஆடினவனை இறக்கினால், மற்றப் பெடியள் என்ன நினைப்பாங்கள், தம்பி?” என்று அவர் கேட்டது எதிரே இருந்த, ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த இளைஞரை நோக்கி. அவரும் சளைக்கவில்லை. “அங்கிள், பதினாறு செக்கண்ட் இருக்கேக்கை முன்னுக்கு நிண்டது பில்ஸ். அதைச் செய்தது ஜோன்சன். பிறகு உதையிலை விட்டதுக்கு அவர் என்ன செய்யிறது?”

இருவர் சொன்னதும் உண்மை; விவாதம் இத்தனை ஆண்டுகளாகச் சாகாமல் இருப்பதும் அதனால்தான். அன்று ஜோன்சன் 22 எறிகளில் 10ஐ மட்டுமே சேர்த்தார், 131 யார். ஆறு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். அவற்றில் ஒன்றில் ஜெவோன் கேர்ஸ் அவரைச் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கி டைட்டன்ஸுக்கு இரண்டு புள்ளிகளைப் பெற்றுக் கொடுத்தார். பந்தைக் கையில் நெடுநேரம் வைத்திருப்பது ஜோன்சனின் பழைய குறை. கேர்ஸ் போன்ற வேகக்காரருக்கு முன்னால் அந்தக் குறையோடு ஒருவரை நிறுத்துவதைவிட, நழுவித் தப்பத் தெரிந்தவரை நிறுத்தியிருக்கலாம் என்பது ஐயாவின் வாதம். இளைஞரோ, ஓராண்டுக்கு முன்னர் மயாமிக்கு எதிரான பிளேஓஃப் ஆட்டத்தில், எதிரணியின் எல்லைக்கு ஐந்து யார் தொலைவில் வைத்துக் கடைசி நேரத்தில் பந்தைப் பறிகொடுத்தவர் அதே ஃபுளூட்டிதான் என்பதையும், 1999 முழுவதிலும் அவர் 19 டச்டவுன்களுக்கு (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்த எறிகளுக்கு) 16 எறிகளை எதிரணியிடம் கொடுத்தார் என்பதையும் நினைவூட்டினார். இதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு சுட்டது, ஆனால் கணக்கு சரியான கணக்கு.

பிறகு அந்தக் கடைசி நிமிடங்கள். டைட்டன்ஸ் 15-13 என்று முன்னிலையில் நிற்க, ஜோன்சன் அணியை முன்னே நகர்த்தினார். கடைசியாக, ஒரு காலில் சப்பாத்துக் கழன்றுபோயிருந்த நிலையிலேயே பந்தைப் பியர்லெஸ் பிரைஸிடம் எறிந்து சேர்த்தார். பில்ஸின் உதையாளர் ஸ்டீவ் கிறிஸ்டி 41 யார் தொலைவிலிருந்து உதைத்து 16-15 ஆக்கினார். மீதி 16 நொடிகள். அடுத்து நடந்ததைக் காட்டுவதற்கு ஐயா எழுந்து, மேசையிலிருந்த மூன்று வெற்றுப் பிளேன்ரீக் கோப்பைகளை நிரைப்படுத்தினார். தன்னுடைய பனங்கட்டித் துண்டைப் பந்தாக்கினார். முதற்கோப்பை, ஆட்டத்தை மீண்டும் தொடக்கப் பில்ஸ் உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்த டைட்டன்ஸ் வீரர் லொரென்சோ நீல். பனங்கட்டி அவரிடமிருந்து இரண்டாவது கோப்பையான சக வீரர் ஃபிராங்க் வைசெக்கிடம் போனது. மேசையின் மறுகரையில், சுவரோரமாக, தனியே நின்றது மூன்றாவது டைட்டன்ஸ் வீரர் கெவின் டைசன். ஐயா மேசைவிரிப்பின் நீலக் கோடு ஒன்றில் விரலை வைத்து, பனங்கட்டியை அந்தக் கோட்டை ஒட்டியே மெதுவாகக் குறுக்கே இழுத்துச் சென்றார். அந்தப் பந்து ஒரு விரற்கடை முன்னே போயிருந்தாலும் செல்லாது. பின்னேயோ நேர்குறுக்கிலோ போயிருந்தால் செல்லும். இருபத்திரண்டு பேரும் கழுத்தை நீட்டிப் பனங்கட்டியைப் பார்த்தோம். “முன்னுக்குத்தான் போனது,” என்றார் ஐயா. “இல்லை அங்கிள், கோட்டிலைதான்,” என்றார் இளைஞர். நடுவர் ஃபில் லக்கெட் ஒளிப்பதிவைப் பார்த்துவிட்டுச் செல்லும் என்றார். டைசன் 75 யார் ஓடிப் பந்தைப் பில்ஸின் எல்லைக்குள் சேர்த்தார். மூன்று நொடிகள் மீதமிருக்க, ஆட்டம் 22-16 ஆனது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜோன்சனால் பில்ஸ் தோற்கவில்லை. அந்தக் கடைசி உதைக்குப் பின் டைட்டன்ஸைத் தடுக்க நின்ற பிரிவால்தான் தோற்றது. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான பயிற்றுநர் புரூஸ் டிஹேவன் சில நாட்களிலேயே வேலையிழந்தார். ஆனாலும் ஜோன்சனைத் தெரிவுசெய்தது தவறுதான். கிறிஸ்டியின் உதையோடு ஆட்டம் முடிந்து பில்ஸ் வென்றிருந்தாலும் அது தவறாகவே இருந்திருக்கும். பதினைந்து கிழமைகளாக ஒருவரோடு ஓடிப் பழகிய பத்துப் பேரின் நம்பிக்கையை, முடிவு எதையும் மாற்றாத ஓர் ஆட்டத்தின் எண்களுக்கு ஈடாக வைத்தார்கள். அந்தப் பருவத்தில் என்.எஃப்.எல். முழுவதிலும் மிகக் குறைந்த தூரத்தை விட்டுக்கொடுத்தது பில்ஸின் தடுப்பணிதான். அப்படியொரு தடுப்பணி கையில் இருக்கும்போது துணிந்து பரிசோதனை செய்ய வேண்டிய தேவையே இல்லை. அடுத்த பருவம் எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடிந்தது, பிலிப்ஸ் நீக்கப்பட்டார், ஃபுளூட்டி சான்டியேகோவுக்குப் போனார். மறுபடி பிளேஓஃப் பார்க்க அந்த அணி 2017ஆம் ஆண்டுப் பருவம்வரை காத்திருந்தது.

பக்கத்து மேசையில் கொத்துக்காக மட்டும் வந்திருந்த இருவர், 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி நான்கு மாற்றங்களோடு மும்பையில் இறங்கியதையும், ஹேரத்தும் மெண்டிஸும் வெளியே இருந்ததையும் இழுத்தார்கள். மத்தியூஸின் காயம் தவிர்க்க முடியாதது, மற்றவை அப்படியல்ல என்றவுடன் கடை முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. அதற்குள் இணைப்பு வந்துவிட்டது.

குறைகள் இன்னும் இரண்டு உண்டு. உட்பக்க மேசைகளுக்கு மின்விசிறி எட்டவில்லை; ஜனவரியில் தாங்கலாம், மற்றக் காலங்களில் கடினம். கதிரைகள் பிளாஸ்ரிக், மூன்று மணி நேர ஆட்டத்துக்கு முதுகு தாங்காது. சுவரோரம் இருக்கும் மரவாங்குதான் நல்ல இடம். அங்கிருந்து திரையும் தெரியும், கொத்துத் தட்டும் தெரியும். மதுபானம் கிடையாது, கொண்டுவரவும் விடமாட்டார்கள். அதனால்தான் விவாதம் எவ்வளவு சூடானாலும் ஒருவரும் ஒருவரை மரியாதை குறைத்துப் பேசவில்லை என்று நினைக்கிறேன். பெண்களும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.

சூப்பர் போல் இறுதியாட்டம் பெப்ரவரியில் திங்கள் விடிய ஐந்து மணிக்குத் தொடங்கும். அன்று இடியப்பம் முதலே வந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். நாலரைக்கு முன்னர் போனால்தான் மரவாங்கு கிடைக்கும். ஐயா அதில் ஒரு மூலையை ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறார், இளைஞரும் தன் விமானப் பயணத்தைப் பிற்போட்டிருக்கிறார்.