மாவுக்கட்டு பிரித்த பிறகு: நீவலா, மெழுகு ஒத்தடமா, வீட்டுப் பயிற்சியா?

கட்டைப் பிரித்த வாரம் அம்மாவை மருதமலைக்கு அழைத்துப் போனேன். திருநீறு வாங்க வலக்கையை நீட்டினார். உள்ளங்கை பாதி திரும்பி நின்றுவிட்டது. திருநீறு சரிந்து தரையில் கொட்டியது. மாட்டுத் தொழுவத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டருகே ஆரை எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) முறிந்திருந்தது. 6 வாரக் கட்டில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் அசையாமல் கிடந்த மூட்டின் உறை சுருங்கிவிட்டது.

பல்லடம் பக்கத்தில் இதற்கு யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது எண்ணெய் நீவல். செலவு குறைவு, பக்கத்திலேயே நடக்கும். வெதுவெதுப்பான எண்ணெயில் மெல்ல நீவினால் இதமாக இருக்கும், அதில் குறையில்லை. அம்மாவுக்கு நீவியவரோ திடீரென்று கையைச் சுண்டி இழுத்தார். மறுநாள் வீக்கம், மூன்று நாள் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. விறைத்த மூட்டை வலிந்து இழுத்தால் அது புண்பட்டு மேலும் இறுகும். இனி யாரையும் இழுக்க விடமாட்டேன்.

பிறகு கோயம்புத்தூரில் பிசியோதெரபி. உருகிய மெழுகில் கையைப் பலமுறை முக்கி எடுத்தால் வெள்ளைக் கையுறைபோல் படியும். சூடு இறங்கியதும் உரித்துவிடுவார்கள். அந்தச் சூடு மூட்டை இளக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் போய்விடும். இளகிய அந்த நேரத்தில் கையை அசைக்க வைக்காமல் வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் பணம் வீண். எங்களுக்கு வாய்த்த பிசியோதெரபிப் பெண் கோணமானி வைத்து அளந்தார். மணிக்கட்டு பின்னால் 25 டிகிரிதான் மடங்கியது. நல்ல கை சுமார் 70 வரை மடங்கும். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னும் பின்னும் 40 இருந்தால் போதும் என்றார். அந்த எண்தான் அம்மாவுக்குத் தெம்பு தந்தது.

என் தேர்வு அவர் கற்றுக்கொடுத்த வீட்டுப் பயிற்சி. வெந்நீரில் கையை வைத்து எடுத்ததும் மார்புக்கு நேராகக் கும்பிட வேண்டும். உள்ளங்கைகள் பிரியாமல் கைகளை மெல்ல வயிற்றை நோக்கி இறக்கி, இழுப்பு தெரியும் இடத்தில் 20 நொடி நிறுத்த வேண்டும். அடுத்தது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கரண்டியைப் பிடித்தபடி உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவது. திருநீற்றுக்கு வேண்டியது இந்த அசைவுதான். நாளுக்கு ஐந்து முறை. பயிற்சிக்குப் பின் வலி சற்று நேரத்தில் அடங்க வேண்டும். மறுநாள்வரை நீடித்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். ஆனால் முதல் இரண்டு வாரமாவது பயிற்சி தெரிந்தவர் அருகிலிருந்து திருத்தாமல் இதைத் தொடங்கியிருக்க மாட்டோம்.

கல்லில் முட்டியதுபோல் அசைவு நின்றால் எலும்பு கோணிச் சேர்ந்திருக்கலாம். அங்கே பயிற்சி உதவாது, எக்ஸ்ரே பார்க்க வேண்டும். எரியும் வலி, பளபளக்கும் தோல், முதல் மூன்று விரல்களில் மரத்துப்போதல், கட்டைவிரலைத் தூக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் அம்மா சந்தகை (இடியாப்பம் போன்றது) பிழிந்தார், அச்சின் பிடியைத் தானே சுற்றினார். தரையில் கையூன்றி எழுவதற்கு மட்டும் இன்னும் இடக்கைதான்.