கோல்ட் நேவி மாதிரி: ஆப்பு மட்டும் பொய்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய அமெரிக்கத் துப்பாக்கிகள் மேல் ஒரு பைத்தியம். அசல் வாங்க வசதி இல்லை. அதனால் 1851 கோல்ட் நேவி ரிவால்வரின் சுடாத மாதிரி ஒன்றை ஆன்லைனில் 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். குழாயை அடைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

எட்டுப் பட்டைக் குழாய் அசலைப் போலவே 7.5 அங்குலம். எடைதான் இடித்தது. துணியில் சுற்றி மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், 940 கிராம். அசல் ஏறக்குறைய 1.2 கிலோ. கடைக்கார அக்கா என்னவென்று கேட்டார், பம்ப் பார்ட் என்று சொல்லிவிட்டேன்.

அஞ்செட்டிப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பார்த்தவர்களுக்கு இதன் வேலை சட்டென்று புரியும். முன்பக்கமாக மருந்து, அதன்மேல் ஈயக் குண்டு, பின்னால் அடிபட்டதும் பொறி தரும் ஒரு சின்ன கேப். சுழலும் சிலிண்டரின் ஆறு அறைக்கும் தனித்தனியாக இதே வேலை.

சிலிண்டரைச் சுற்றி, 1843இல் டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவோடு மோதிய கம்பேச்சே சண்டைக் காட்சி இருக்க வேண்டும். அது எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று பார்த்துத்தான் சேகரிப்பவர்கள் அசலுக்கு விலை பேசுவார்கள். என்னுடையதில் இருப்பது கப்பலா, கட்டுமரமா என்றே தெரியவில்லை. சரி, போகட்டும்.

ஆப்பு விஷயத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. அசலில் சிலிண்டருக்கு மேலே குழாயையும் உடலையும் இணைக்கும் இரும்புப் பட்டை கிடையாது. குழாயைப் பிடித்து வைத்திருப்பது குறுக்கே செருகிய ஓர் ஆப்பு. அதைத் தட்டி எடுத்தால் குழாயும் சிலிண்டரும் தனித்தனியாகக் கையில் வந்துவிடும். அந்த ஆப்பிலும் துப்பாக்கியின் வரிசை நம்பரை அடித்திருப்பார்கள். நம்பர் மாறியிருந்தால் மதிப்பு குறையும். நான் மரச்சுத்தியால் தட்டித் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் குழாயோடு சேர்த்து வார்த்த வெறும் மேடு! ஓரத்தில் பிசிர்கூட எடுக்கவில்லை. கழற்றி மாட்டலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போன் செய்தால் ஒரு பையன், "ஷோகேஸ்ல வைக்கிறதுதானே அண்ணா, எதுக்குக் கழட்டுறீங்க?" என்கிறான்.

திருப்பி அனுப்ப 7 நாள் அவகாசம். ஐந்தாம் நாள் பெட்டியில் வைக்கும் முன், கேப்பை அடிக்கும் சுத்தியான ஹேமரை ஒருமுறை இழுத்தேன். இந்த ரிவால்வரில் குறிபார்க்கும் பின்வெட்டு ஹேமரின் மூக்கிலேயே இருக்கும், இழுத்து நிறுத்தினால்தான் கண்ணுக்கு நேரே வரும். அதை மட்டும் அச்சு அசலாகச் செய்திருக்கிறார்கள். அந்தச் சின்ன 'வி' வழியாகச் சுவர்க் காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் காலிப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.