கோட்டேயில இருக்கிற இலங்கைப் பாராளுமன்றம் பாத்துட்டு வந்தம், 5க்கு 4

மகன்ட ஸ்கூல் ட்ரிப்புக்கு துணைக்கு வரச் சொன்னாங்க, சரியெண்டு நானும் ஏறினன். மட்டக்களப்புல இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல, இரவு வெளிக்கிட்டு விடியப் போய்ச் சேந்தம். பஸ்ஸப் பத்தி மறுகா சொல்றன்.

சும்மா போய் கேட்டடியில நிண்டா உள்ள விடமாட்டாங்க. டீச்சர் வெள்ளனவே கடிதம் எழுதி, எல்லார்ட பேரும் பெரியாக்கள்ட அடையாள அட்டை நம்பரும் குடுத்துத்தான் அனுமதி எடுத்தவ. போன், கெமரா, பேக் ஒண்டும் கொண்டு போக ஏலாது, அதால இதுல போட்டோ இல்ல, கோவிக்காதீங்க.

இடம் எண்டா இடம்தான். சதுப்பு நிலத்தத் தோண்டி தண்ணியாக்கி, தியவன்னா ஓயாக்கு நடுவுல தீவு மாதிரி விட்டு அதுக்கு மேல கட்டியிருக்காங்க, ஜெப்ரி பாவாட டிசைன், 1982 ஏப்ரல்ல திறந்தது. செப்புக் கூரை, சுத்திவரத் தண்ணி. மகன் பாத்துட்டு "அப்பா, கல்லடிப் பாலத்துல நிக்கிற மாதிரியே கிடக்கு, இங்கயும் மீன் பாடுமா" எண்டான். எங்கட ஊர்க் கல்லடி வாவியில மீன் பாடும் எண்டு சொல்றவங்க, அதத்தான் கேக்கிறான். இது மிஷின் தோண்டின தண்ணிடா, எங்க பாடும்.

சபைக்குள்ள போகக்குள்ள புள்ளைகள் எல்லாம் கப்சிப். டிவியில பெருசாத் தெரியிற இடம், நேர்ல பாத்தா இவ்வளவுதானா எண்டு கிடக்கு, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் முகத்துக்கு முகம் பாத்து இருக்கிற மாதிரி கதிரை, மேல ஓலை விரிச்ச மாதிரி வெள்ளிச் சரவிளக்கு, நான் அதையே அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டன். செங்கோல் 1949ல இங்கிலாந்து பாராளுமன்றம் குடுத்த பரிசாம், கருங்காலித் தடியில வெள்ளியும் தங்கமும் நீலக்கல்லும். 225 பேருல எங்கட மாவட்டத்துக்கு 5, அம்பாறைக்கு 7, அந்தக் கதிரைகள் எது எது எண்டு எங்கட வாண்டுகள் தேடினது பெரிய பகிடி.

நாங்க போனது சபை கூடாத நாள். ஆறுதலாப் பாக்கலாம், ஆனா ஒரு பொடியன் கடைசி வரைக்கும் "சண்ட எப்ப சேர் தொடங்கும்" எண்டு கேட்டுக்கொண்டே வந்தான். விவாதம் பாக்க ஆசையெண்டா கூடுற நாளாப் பாத்து பார்வையாளர் கலரிக்கு அனுமதி கேளுங்க.

குறைச்ச 1 மார்க் பஸ்ஸுக்குத்தான். ஏசி எண்டு காசு வாங்கிப்போட்டு பொலன்னறுவைக்கு முன்னாலயே ஏசி செத்துட்டு, ஜன்னலும் துறக்க ஏலாது, விடியும் வரைக்கும் கொப்பி மட்டையால விசிறினதுதான்.