மின்சார டர்ட் பைக் இறக்குமதி: நான்கு சீசன், இரண்டு சப்ளையர்கள்

டொரொண்டோ பக்கத்தில் சின்னதாக ஒரு கடை வைத்து மின்சார டர்ட் பைக் (மண் பாதையில் ஓட்டுகிற பைக்) விற்கிறேன். 2021 நவம்பரில் முதல் ஆர்டர் போட்டேன், 2025 கோடையோடு நான்கு சீசன் முடிந்துவிட்டது. சீனாவில் யாரிடம் வாங்கலாம் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். பெயர் சொல்வதைவிட நான் எப்படித் தேடினேன், எங்கே ஏமாந்தேன் என்று சொல்வதுதான் உதவும். இன்று நல்ல சரக்கு தருகிறவர் அடுத்த வருடமும் அதையே தருவார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

சர்ரான், தலாரியா மாதிரி பெயர் எடுத்த பைக்குகளின் சாயலில் இப்போது எத்தனையோ பேர் செய்கிறார்கள். சோங்சிங் பெட்ரோல் மோட்டார் சைக்கிளுக்கே பேர்போன ஊர், சர்ரானும் அங்கேதான். செஜியாங் மாகாணத்தில் யோங்காங், ஜின்ஹுவா பக்கம் போனால் குழந்தைகள் பைக், ஏ.டி.வி. (மண் பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி), ஸ்கூட்டர் என்று தெருவுக்குத் தெரு தொழிற்சாலை. ஆன்லைனில் தேடும்போது ஒரே பைக்கின் ஒரே படம் பத்துப் பதினைந்து கம்பெனிப் பெயரில் வரும். அதில் யார் வெல்டிங் அடிக்கிறார், யார் வாங்கி விற்கிறார் என்று படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

நான் முதலில் பிடித்தவர் வாங்கி விற்கிறவர். அது எனக்கு இரண்டாவது வருடம்தான் தெரிந்தது. கேட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். சீனக் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் வணிக உரிமம் உண்டு, அதில் 18 இலக்கப் பதிவு எண்ணும் என்னென்ன தொழில் செய்யலாம் என்ற விவரமும் இருக்கும். உற்பத்தி என்ற சொல்லே இல்லாமல் விற்பனை, ஏற்றுமதி என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அவர் தொழிற்சாலைக்காரர் இல்லை. தரகரிடம் வாங்குவதே தப்பு என்று சொல்லமாட்டேன், பத்துப் பைக், இருபது பைக் எடுக்கும்போது தொழிற்சாலை நம்மைத் திரும்பியும் பார்க்காது, தரகர்தான் நாலு பேர் ஆர்டரைச் சேர்த்துக் கொடுப்பார். ஆனால் தரகர் என்று தெரிந்து வாங்க வேண்டும். பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு உரிமத்தில் உள்ள பெயரிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். தனி ஆள் பெயரில் கணக்கு வந்தால் அன்றோடு நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

சரி, பேட்டரிக்கு வருகிறேன். நான் பட்டது முழுக்க அதில்தான்.

2022இல் வந்த சாம்பிள் இரண்டும் முதல் லாட்டும் நன்றாகவே ஓடின. அந்த நம்பிக்கையில் 2023க்குப் பெரிய ஆர்டர் கொடுத்தேன். ஜூன் மாதம் ஒரு வாடிக்கையாளர், இருபது வயதுப் பையன், பைக்கைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தான். பாதித் தூரத்திலேயே நின்றுவிடுகிறது என்றான். 60 வோல்ட் 35 ஆம்ப் அவர் (கொள்ளளவு) என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி, டெஸ்டரில் போட்டுப் பார்த்தால் 26 தாண்டவில்லை. பேட்டரி வேலை தெரிந்த நண்பர் ஒருவரை வைத்து அதைத் திறந்தோம். மேலே நீல உறை புத்தம்புதிதாக இருந்தது. உள்ளே அடுக்கியிருக்கும் சின்ன உருளைகளில், அதாவது செல்களில், ஒன்றைத் தனியாக எடுத்து அடிப்பக்கத்தை விளக்கடியில் காட்டினார். நிக்கல் பட்டை வெல்டு செய்த புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கலாக, இன்னொரு ஜோடிப் புள்ளிகள். வேறு எதிலோ ஓடி முடிந்த செல்களைப் பிரித்து, தேய்த்து, புது உறை போட்டுச் சொருகியிருக்கிறார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இதை வாங்கிப் போனவர்களில் பலர் வீட்டுக்கு உள்ளேயே, கராஜில், பிள்ளைகள் தூங்கும் அறைக்குக் கீழே சார்ஜ் போடுகிறவர்கள். அந்த லாட்டில் விற்ற அத்தனை பேருக்கும் போன் போட்டு பேட்டரியைத் திரும்ப வாங்கினேன். கனடாவில் இறக்குமதி செய்தவர்தான் பொறுப்பு, செய்தவன் சீனாவில் இருக்கிறான் என்று கையை விரிக்க முடியாது, விரிக்கவும் கூடாது.

அதற்கப்புறம் யாரிடம் பேசினாலும் விலைக்கு முன்னால் பேட்டரிக் கணக்கு கேட்கிறேன். 60 வோல்ட் பேட்டரியில் பெரும்பாலும் தொடராக 16 செல் வரும். 21700 என்ற அளவுச் செல் ஒன்று 5 ஆம்ப் அவர் என்றால், 35 வர அந்த மாதிரி 7 வரிசையைப் பக்கவாட்டில் இணைக்க வேண்டும், மொத்தம் 112 செல். ஒரு செல் ஏறக்குறைய 70 கிராம், ஆக செல் மட்டுமே எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பெட்டியும் வயரும் சேர்ந்தால் இன்னும் கூடும். முழு பேட்டரியும் ஏழு கிலோதான் என்றால் இந்தச் செல்லை வைத்து 35 வராது. எடை சரியாக இருப்பதாலேயே செல் புதிது என்று ஆகிவிடாது, பழைய செல்லும் அதே எடைதான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு யார் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதில் நிறையத் தெரியும். இப்போது நான் வாங்கும் இடத்தில் எஞ்சினியர் அரை மணி நேரத்தில் செல் மாடல், பேட்ச் எண், பேக்கின் எடை எல்லாம் அனுப்பிவிட்டார். பழைய ஆள் அனுப்பியது ‘டாப் குவாலிட்டி செல்’ என்ற ஒரு வரி.

இன்னொன்று குளிர். லித்தியம் அயான் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிய ஆரம்பிக்கும், கொள்ளளவும் போகும், ஆபத்தும் கூட. அந்தக் குளிரில் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை) தானாகவே சார்ஜை நிறுத்த வேண்டும். பல மாடல்களில் அதற்கான வெப்பநிலை சென்சாரே இல்லை, ஏனென்றால் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. ஒன்டாரியோவில் ஜனவரி மாதம் சூடில்லாத கராஜ் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இப்போது அதை ஒப்பந்தத்திலேயே எழுதுகிறேன்.

சான்றிதழ் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. லித்தியம் பேட்டரி அனுப்ப யூ.என். 38.3 என்ற ஐ.நா. போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனை முடித்திருக்க வேண்டும், 2020 ஜனவரியிலிருந்து அதன் சுருக்க அறிக்கையைக் கேட்டால் கொடுக்கவும் வேண்டும். அந்த அறிக்கை உங்கள் பேட்டரி மாடலுக்கானதா, யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சோதனைக்கூடத்துக்கே அறிக்கை எண்ணை எழுதிக் கேளுங்கள், பதில் வரும். “உங்களுக்கு எந்த லேபிள் வேண்டுமோ சொல்லுங்கள், அடித்துத் தருகிறோம்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவரோடு வியாபாரம் செய்யவில்லை. சரக்கை சைக்கிள் பாகம் என்று எழுதி அனுப்பலாம், கப்பல் கூலி குறையும் என்றார்கள் சிலர், அவர்களும் வேண்டாம். இது 9ஆம் வகுப்பு அபாயச் சரக்கு, கப்பலிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பணம் 30 சதவீதம் முன்னால், மீதி 70 கன்டெய்னரில் ஏற்றுவதற்கு முன்னால். ஆனால் இடையில் மூன்றாம் தரப்பு ஆய்வாளர் போய்ப் பார்த்த பிறகுதான் அந்த 70. என்னிடம் ஒரு நாளைக்குச் சுமார் 300 அமெரிக்க டாலர் வாங்குகிறார்கள். ஏதாவது ஐந்து பைக்கைத் தானே எடுத்து, அதில் ஒரு பேட்டரியைத் திறந்து செல்லின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்கிறேன். முதல்முறை இதைச் சொன்னபோது புது சப்ளையர் மறுக்கவில்லை, திறந்த பேட்டரிக்கு மாற்று நாங்களே தருகிறோம் என்றார். அவரை நான் பிடித்துக்கொண்டதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம்.

நேரக் கணக்கும் முக்கியம். இங்கே வியாபாரம் ஏப்ரலில் சூடுபிடிக்கும். சீனப் புத்தாண்டுக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் வாரக்கணக்கில் வேலை நடக்காது. அதனால் நவம்பரில் ஆர்டர், புத்தாண்டுக்கு முன்னால் கப்பல், சீனாவின் நிங்போ துறைமுகத்திலிருந்து வான்கூவர், அங்கிருந்து ரயிலில் டொரொண்டோ பக்கத்து பிராம்ப்டன். எனக்கு ஆறேழு வாரம் ஆகிறது. புத்தாண்டுக்கு முந்தின கடைசி வாரத்தில் அவசரமாகக் கட்டின பைக்குகளில் போல்ட் தளர்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன், அந்த வாரத்துச் சரக்கு எனக்கு வேண்டாம்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். புது இடத்திலும் 2024இல் ஒரு ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) வெல்டு ஓரம் முடியளவு விரிசல் கண்டது. படம் அனுப்பினேன். மறுநாளே அந்த வெல்டிங் ஜிக்கை (வெல்டு செய்யும்போது பாகத்தைப் பிடித்து வைக்கும் அச்சு) தனியாக எடுத்து வைத்த வீடியோவும், அதே ஜிக்கில் செய்த பைக்குகளின் வி.ஐ.என். என்ற 17 இலக்க வண்டி அடையாள எண் பட்டியலும் வந்தன. என்னிடம் இருந்தவை ஒன்பது, ஒன்பதுக்கும் மாற்று ஆர்ம் விமானத்தில் அனுப்பினார்கள். விலை பழைய ஆளைவிடப் பைக்குக்குச் சுமார் 180 டாலர் அதிகம். இந்த நவம்பரிலும் அங்கேயேதான் ஆர்டர் போட்டிருக்கிறேன், கூடவே பிரேக் பேட், த்ராட்டில், கன்ட்ரோலர், ஸ்போக் என்று தனியாக ஒரு பெட்டி உதிரி பாகமும்.