மாட்டு ரப்பர் மேட்டை கூஸ் வாத்துக் கொட்டகையில் போடலாமா?

பால்மாட்டுத் தொழுவத்துக்கென்று விற்கும் கறுப்பு ரப்பர் மேட் இது. ஆறரை அடி நீளம், நாலடி அகலம், 17 மி.மீ. கனம். குளிர்காலம் வந்தால் கூஸ் வாத்து நொண்டுகிறது என்று இதை வாங்கிக் கொட்டகையில் விரிப்பவர்கள் ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் உண்டு. பொருள் நல்ல பொருள்தான், வாங்கலாம். ஆனால் மேலே எதுவும் பரப்பாமல் வெறும் மேட்டாகப் போட்டால், போடாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் வாத்தின் பக்கம். சீன வகை கூஸ் நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை நிற்கும். எம்டன், துலூஸ் போன்ற கனத்த வகைகள் ஒன்பது, பத்து கிலோவைத் தொடும். இத்தனை எடையும் உள்ளங்கை அகலம்கூட முழுதாக இல்லாத இரண்டு பாதங்களில் இறங்குகிறது. வெயில் காலத்தில் பகல் முழுக்க புல்லிலும் ஈர மண்ணிலும் நடப்பதால் பிரச்சினை தெரியாது. மலையில் டிசம்பர், ஜனவரியில் கதை வேறு. சிறுத்தைக்குப் பயந்து மாலை ஐந்தரைக்கே அடைத்துவிட்டு, புல்லில் உறைபனி உருகட்டும் என்று காலை ஏழரைக்குத் திறந்தால் மொத்தம் பதினாலு மணி நேரம். அத்தனை நேரமும் சில்லென்ற சிமென்ட் தரையில், தன் எச்சத்தின் ஈரத்திலேயே நிற்பதும் உட்காருவதுமாக இருக்கிறது. பாதத் தோல் ஊறி மெலிகிறது, சொரசொரப்பான சிமென்ட் அதை உராய்கிறது, அந்தக் கீறல் வழியாக ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி உள்ளே போகிறது. பம்பிள்ஃபுட் என்று சொல்லும் பாதப் புண் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. குளிர் நேரடியாகக் காலைக் கருக்குவது நம் மலைகளில் அபூர்வம். நீர்ப்பறவையின் காலில் மேலிருந்து இறங்கும் சூடான ரத்தம், கீழிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டே பாதத்துக்குப் போகும். குளிரைத் தாங்க அதற்கு அந்த ஏற்பாடு போதும். ஈரத்துக்கும் கடினத் தரைக்கும் அப்படி ஒரு ஏற்பாடும் அதனிடம் இல்லை.

மேட் இதில் எதைச் சரிசெய்கிறது? தரையின் கடினத்தையும் சில்லிப்பையும். இரண்டையும் நன்றாகவே செய்கிறது. 17 மி.மீ. ரப்பரில் கட்டை விரலை ஊன்றி அழுத்தினால் லேசாக உள்வாங்கும். அந்த அளவு நெகிழ்வு கனத்த ஆண் வாத்துக்கும் போதும். 10 மி.மீ. மேட் விலை குறைவுதான், ஆனால் அது சிமென்டுக்குப் போட்ட உறை மாதிரி, பெரிய வித்தியாசம் தராது. கால் மூட்டை மடக்கி உட்காரும் இடத்தில் வரும் காய்ப்பும் மேட் போட்டபின் குறையும். மேட் சரிசெய்யாதது ஈரத்தை. சரிசெய்யாதது மட்டுமா, கூட்டவும் செய்யும். சிமென்ட் கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், ரப்பர் ஒரு சொட்டும் இழுக்காது. புல் மேய்ந்து வந்த கூஸ் எவ்வளவு எச்சமிடும் என்று வளர்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர். விடியும்போது வெறும் மேட்டின்மேல் பச்சையும் வெள்ளையுமாக ஒரு வழுக்குப் படலம் நிற்கும். அதில் கனத்த வாத்து கால் விரிந்து சறுக்கினால் தொடை மூட்டில் அடி. அந்த நொண்டல் பாதப் புண்ணைவிட மோசம், ஆறவும் நாளாகும்.

ஆகவே மேட் அடித்தளம் மட்டுமே. அதன்மேல் காய்ந்த வைக்கோல் மூன்று, நாலு அங்குலம் கட்டாயம். மலைக்கு வைக்கோல் கீழிருந்து லாரியில்தான் வரும், மழையில் நனைந்த கட்டும் அதில் கலந்திருக்கும். கட்டைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடையோ, உதறும்போது வெண்புகை மாதிரித் தூசியோ வந்தால் அது பூஞ்சை. வாத்தின் நுரையீரலுக்கு எமன், காலைக் காப்பாற்றப் போய் மூச்சைத் தொலைத்த கதையாகிவிடும். தச்சுப் பட்டறையின் பெரிய மரச்சீவல் நல்ல மாற்று. மரத்தூள் வேண்டாம், ஈரத்தில் குழைந்து பாதத்தில் அப்பிக்கொள்ளும். தேங்காய் நார்த்தூளும் அப்படித்தான், தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு விடவே விடாது.

எப்போது மாற்றுவது என்பதற்கு நாள் கணக்கு வேண்டாம். ஒரு கைப்பிடி வைக்கோலை அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் கசிந்தால் அன்றைக்கே அந்த இடத்தை வாரிவிட்டுப் புதிது போடவேண்டும். தண்ணீர் வாளியைச் சுற்றித்தான் முதலில் நனையும். இரவில் தீனி வைக்காவிட்டால் தண்ணீரும் உள்ளே வேண்டாம், காலையில் வெளியே வைத்தால் போதும். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று சுண்ணாம்பு தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஈரப் பாதத்தில் சுண்ணாம்பு பட்டால் தோல் வெந்துபோகும். மேட்டின் மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

விரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில. புது மேட்டில் ரப்பர் நெடி தூக்கும், மூடிய கொட்டகையில் அது வாத்துக்கு ஆகாது. மூன்று நாலு நாள் வெயிலில் போட்டுவையுங்கள். தரை வாட்டம் நாலடிக்கு ஓர் அங்குலம் வாசல் பக்கம் சரிந்திருக்க வேண்டும், மட்டமான தரையில் மேட்டுக்கு அடியில் குட்டை கட்டும். முழு மேட் ஏறத்தாழ 40 கிலோ வரும். ஒருவரால் தூக்க முடியாது, தூக்க முடியாததைக் கழுவவும் மாட்டோம். வாங்கியதுமே குறுக்கே இரண்டாக வெட்டிவிடுவது உத்தமம். அடியில் ஒரு பலகையை வைத்து, மேலே இன்னொரு நேரான பலகையை அழுத்திப் பிடித்து, கூரான கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அதே கோட்டில் நாலைந்து தடவை இழுங்கள். காய்ந்த கத்தி ரப்பரில் சிக்கி நழுவும், கையைப் பதம் பார்த்துவிடும். துண்டுகளுக்கு நடுவிலும் சுவரோரத்திலும் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். நெருக்கிப் போட்டால் வெயிலில் விரிந்து ஓரம் மேலெழும்பும், வாத்து அதில் தடுக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தூக்கி நிறுத்தி அடியைக் கழுவிக் காயவிட வேண்டும். அடியில் தேங்கும் எச்ச நீர் அம்மோனியா வாடையாகக் கிளம்பும். உங்கள் கண் எரிந்தால், தரையோடு தலை வைத்துத் தூங்கும் வாத்துக்கு எப்படியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அளவு: கூஸ் ஒன்றுக்கு ஆறு முதல் எட்டு சதுர அடி. ஒரு மேட் 26 சதுர அடி, ஆகவே மூன்று நாலு வாத்துக்கு ஒன்று. மேல்பரப்பில் சிறு சிறு குமிழாக இருப்பதை எடுங்கள். கூரான வைர வடிவப் பள்ளங்கள் உள்ளது மாட்டுக் குளம்புக்குப் பிடிமானம் தரும், வாத்தின் விரலிடைச் சவ்வை உராயும், எச்சமும் அந்தப் பள்ளத்தில் அடைந்து காயும்.

ஈ.வி.ஏ. என்ற நுரைப் பிளாஸ்டிக் மேட்டும் கடையில் காட்டுவார்கள். லேசு, சூடு, ஒருவரே தூக்கலாம். வாத்துக்கு வேண்டவே வேண்டாம். கூஸின் அலகோரம் அரம் மாதிரி, எதையும் பிய்த்துப் பார்க்கும் குணம் வேறு. நுரைத் துண்டை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

கொட்டகைக்கு வெளியே, சரிவுப் பலகையிலும் வாசற்படியிலும் இந்த மேட்டை ஆணியடித்துப் போடுவது பெரிய தப்பு. உறைபனி படிந்த ரப்பரில் மனிதனே வழுக்குவான். அங்கே குறுக்குச் சட்டம் அடித்த மரப்பலகையோ முரட்டுத் தென்னைநார் மிதியடியோதான் சரி.

இனி மேட் உதவாத நொண்டல்கள். இதைப் பிரித்தறியாமல் மேட்டைக் குறை சொல்வதில் நியாயமில்லை. முதலில் வாத்தைப் பிடித்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும், பிடிப்பதிலேயே பாதி நொண்டல் வருகிறது. கோழியைப் பிடிப்பது மாதிரி காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, அந்த எடைக்கு இடுப்பு மூட்டு விலகிவிடும். கழுத்தின் அடிப்பகுதியை ஒரு கையால் மெல்லப் பிடித்து, இன்னொரு கையால் இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்து, தலை பின்பக்கம் வருமாறு கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். பாதத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பாதம் சிறு சிறு புள்ளி மேடுகளோடு மெத்தென்று இருக்கும். புள்ளிகள் தேய்ந்து ஓரிடம் மட்டும் சிவந்து பளபளத்தால் அது முதல் கட்டம். மேட்டும் காய்ந்த வைக்கோலும் போட்டாலே இது திரும்பிவிடும். மிளகளவு கறுப்புப் பொருக்கு உட்கார்ந்திருந்தால் இரண்டாம் கட்டம். நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் எப்சம் உப்பைக் கரைத்து, அதில் காலை 15, 20 நிமிடம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, பெட்டாடின் தடவி, பஞ்சு வைத்துக் கட்டுங்கள். நாள் தவறாமல் செய்யவேண்டும். விரல்களுக்கு நடுவே வீங்கி, புறங்கையால் தொட்டால் சூடு தெரிந்தால் மூன்றாம் கட்டம். பறவையின் சீழ் மனிதச் சீழ் மாதிரி ஒழுகாது, பனீர்க் கட்டிபோல இறுகியிருக்கும். பிதுக்கினால் வராது, கிருமிதான் இன்னும் உள்ளே போகும். கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பாதம் சுத்தமாக இருந்தும் நொண்டுகிறதா? தீனியைப் பாருங்கள். குளிர்காலத்தில் புல் குறைய, மக்காச்சோளமும் அரிசிக் குருணையும் மட்டுமே போகும். மக்காச்சோளத்திலுள்ள நயாசின் என்ற பி3 வைட்டமின், உடம்பு எடுத்துக்கொள்ள முடியாத கட்டுண்ட வடிவில் இருக்கிறது. வாத்து இனத்துக்கோ அது கோழியைவிட அதிகம் தேவை. கூஸ் குஞ்சுக்கு முதல் நாலு வாரம் கிலோ தீனிக்கு 65 மி.கி., கோழிக்குஞ்சுக்கு அதில் பாதிதான். ஆகவே கோழித் தீனியில் வளரும் குஞ்சு கால் வளைந்து, மூட்டு பருத்து, உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கும். இதற்கு எத்தனை மேட் போட்டும் பயனில்லை. தண்ணீரில் லிட்டருக்கு 30 முதல் 40 மி.கி. நயாசின், அல்லது தீனியில் ஈஸ்ட் பொடி. ஆரம்பத்தில் கொடுத்தால் நிமிரும், எலும்பு வளைந்து இறுகிய பிறகு கொடுத்து லாபமில்லை. கடலைப் புண்ணாக்கிலும் நயாசின் உண்டு, ஆனால் பூஞ்சை பிடித்த புண்ணாக்கின் நச்சு வாத்துக் குஞ்சைக் கொன்றுவிடும், ஜாக்கிரதை. முட்டைக்கோழித் தீனியை வளரும் வாத்துக்குப் போடுவதும் தப்பு. அதன் கூடுதல் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்து, மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்து வீங்கும்.

பலர் மறப்பது தண்ணீர். குளிர் என்று குளிக்கத் தண்ணீர் வைப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மிதக்கும்போதுதான் வாத்தின் காலுக்கு ஓய்வு. நடு மதியத்தில், வெயில் இருக்கும்போது, உடம்பு மிதக்கும் ஆழத்தில் ஒரு பெரிய டப்பில் தண்ணீர் வைத்து இருபது நிமிடம் விடுங்கள். நொண்டும் வாத்துக்கு வெதுவெதுப்பாகவே வைக்கலாம். உலர்ந்த பிறகே அடைக்கவேண்டும்.

மதிப்பெண் கொடுப்பதென்றால், வைக்கோலோடு ஐந்துக்கு நாலு, வெறும் மேட்டாக ஒன்றரை. அரைப் புள்ளி குறைப்பது எடைக்காக, இன்னொரு அரை வெட்டுவதில் உள்ள பாட்டுக்காக. மண் தரைக் கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை. மேட்டு நிலத்தில் உலர்ந்த மண், மேலே வைக்கோல் இருந்தால் அந்தப் பணத்தை நல்ல தீனிக்குப் போடுங்கள்.

பழைய மேட் மலிவாகக் கிடைக்கிறதென்றால் வாங்கலாம். பிளீச்சிங் பவுடர் கரைசலில் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஆலைகளில் கழித்த கன்வேயர் பெல்ட்டை வெட்டி மேட் என்று விற்பதும் நடக்கிறது. ஓரத்தை வளைத்துப் பாருங்கள். வெட்டுவாயில் முழுக்க ரப்பராக இல்லாமல் நடுவே வெளுத்த துணி அடுக்கு தெரிந்தால் அது பெல்ட். அந்த நூல் பிரிந்ததும் கூஸ் இழுத்து விளையாட ஆரம்பிக்கும். விழுங்கும், அல்லது காலில் சுற்றிக்கொள்ளும். சுற்றிய நைலான் நூல் இறுகி விரல் கறுத்துப் போவதும் கொட்டகைக்குள் நொண்டலாகத்தான் தெரியும்.